செவிக்கு ஓர் அஞ்சறைப் பெட்டி

சென்ற தலைமுறையில் வீட்டுப் பிள்ளைக்குச் சங்கீதத்தில் பற்றுதல் உண்டாயிற்றென்றால், பெற்றோர் ஒரு பாட்டு வாத்தியாரைத் தேடி அழைத்து வருவார்கள். இக்காலத்துப் பிள்ளையோ ஒரு கணினியையும், ஒரு மைக்கையும், ஒரு ஹெட்போனையும் வைத்துக்கொண்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். இரவு பதினோரு மணிக்கு எட்டிப் பார்த்தால், கணினித் திரையில் நூறு குமிழ்களும் ஐம்பது முட்களும் காட்சியளிக்கின்றன. "என்னடா செய்கிறாய்?" என்று கேட்டால், "பாட்டுக்கு ப்ளகின் போடுகிறேன்" என்று விடை வருகிறது. பெற்றோருக்கு ஒன்றும் விளங்குவதில்லை. அதைக் காட்டிலும் கவலைக்குரிய விஷயம், பல வீடுகளில் பிள்ளைக்கும் அது விளங்கவில்லை என்பதேயாகும். குமிழைத் திருகுகிறான், ஏதோ மாறுகிறது, மாறியதெல்லாம் நன்மைக்கே என்று நம்பிவிடுகிறான். ஆகவே இவ்வாரம் இந்த ப்ளகின் என்பதன் மர்மத்தைச் சிறிது அவிழ்த்துப் பார்க்க எண்ணங்கொண்டோம்.

ப்ளகின் என்பது இசைத் தயாரிப்பு மென்பொருளுக்குள் செருகிக்கொள்ளும் மற்றொரு சிறு மென்பொருள். மைக்கின் வழியாகக் கணினிக்குள் புகும் குரல், அங்கே வெறும் எண்களாக மாறிவிடுகிறது. காம்பாக்ட் டிஸ்க் தட்டின் தரத்தில் சொல்வதானால், ஒரு விநாடிக்கு 44,100 எண்கள். ப்ளகின் செய்வதெல்லாம் அந்த எண்களைக் கூட்டுவதும், பெருக்குவதும், சற்றுப் பொறுத்து மறுபடியும் சேர்ப்பதுந்தான். பள்ளிக்கூடத்துக் கணக்கைப் போன்ற காரியமே. ஆனால் இந்தக் கணக்கின் விடை தாளில் விழாமல் காதில் விழுகிறது. சில சமயம் அமிர்தமாகவும், சில சமயம் நாராசமாகவும்.

முன்னாளில் இவ்வேலைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் கருவி வேண்டியிருந்தது. ஒலிப்பதிவுக் கூடங்களில் அலமாரி அலமாரியாக அவற்றை அடுக்கி வைத்திருந்தார்கள். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து ஸ்டைன்பெர்க் நிறுவனத்தார் 1996-ஆம் ஆண்டில் தங்கள் க்யூபேஸ் மென்பொருளோடு வி.எஸ்.டி. என்னும் ஒரு பொதுமுறையை வெளியிட்டார்கள். அந்த முறைப்படி எவர் வேண்டுமானாலும் ப்ளகின் எழுதலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். அன்று புகுந்த வெள்ளம் இன்னும் வடியவில்லை. இன்று ஆயிரக்கணக்கான ப்ளகின்கள் கடைவிரித்துக் கிடக்கின்றன.

பெயர்கள் ஆயிரம் இருப்பினும், குரலைப் பதிவு செய்பவனுக்கு வேண்டிய தொழில்கள் ஐந்தே ஐந்து. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியைப் போலத்தான். கடுகும் மிளகும் சீரகமும் வெந்தயமும் எதற்கு என்று அறிந்தவள், எந்த ஊர்ச் சமையலறையில் நுழைந்தாலும் தடுமாற மாட்டாள். அறியாதவளுக்கு நூறு டப்பாக்கள் கொடுத்தும் பயனில்லை. ஐந்து அறைகளையும் ஒவ்வொன்றாகத் திறப்போம்.

முதல் அறையில் இருப்பது ஈக்வலைஸர். தொலைபேசிக் கம்பிகள் நெடுந்தூரம் பேச்சைச் சுமக்கத் தொடங்கிய காலத்தில், குரலின் மேல் ஸ்தாயிப் பகுதி வழியிலேயே தேய்ந்து போயிற்று. தேய்ந்ததை ஈடு செய்து, புறப்பட்ட குரலையும் போய்ச் சேர்ந்த குரலையும் சமனாக்க ஒரு கருவி அமைத்தார்கள். சமனாக்குவதால் அதற்கு ஈக்வலைஸர் என்று பெயர் வந்தது. மனிதச் செவி விநாடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை கேட்கக் கூடியது. இந்த நெடுஞ்சாலையில் எந்தப் பகுதியை வேண்டுமானாலும் ஏற்றவும் இறக்கவும் ஈக்வலைஸர் உதவுகிறது.

நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று வீதம் அலைவது. ஆகையால் கம்பிகளில் ஏதேனும் குறை இருந்தால், 50, 100, 150 என்னும் அதிர்வுகளில் ஓர் 'உம்' என்ற ரீங்காரம் பதிவில் ஏறிவிடும். பெண் குரலுக்கு 80 அதிர்வுக்குக் கீழே யாதொரு அலுவலும் இல்லை. ஆதலின் அப்பகுதியை வெட்டி எறிந்தால், பாட்டுக்குச் சேதமின்றி ரீங்காரத்தின் அடிப்பகுதி ஒழியும். 200 முதல் 400 வரையுள்ள பகுதி மிகுந்தால், குடத்துக்குள் தலையை விட்டுப் பாடுவது போலிருக்கும். 5,000 முதல் 8,000 வரை மிகுந்தால், 'ஸ' என்னும் எழுத்து வரும்போதெல்லாம் ஊசி குத்தும். இவற்றை ஏட்டில் படித்துப் பயனில்லை. பழக்கமான ஒரு குரலை ஓடவிட்டு, ஒரு குறுகிய பகுதியை மாத்திரம் உயர்த்திக்கொண்டு, கீழிருந்து மேலாக மெல்ல நகர்த்திக் கேட்க வேண்டும். அரைமணி நேரம் இவ்வாறு செய்தால், எந்த எண்ணுக்கு எந்தக் குணம் என்று காதே கற்றுக்கொள்ளும்.

இரண்டாவது அறை கம்ப்ரஸர். தொலைக்காட்சியில் கதாநாயகி முணுமுணுக்கிறாள், ஒன்றும் கேட்கவில்லை, ஒலியைக் கூட்டுகிறோம். அடுத்த கணம் வில்லன் கர்ஜிக்கிறான். தூங்கும் குழந்தை விழித்துக்கொள்ளப் போகிறதே என்று ஓடிக் குறைக்கிறோம். குறைப்பதற்கு ஓடுகிற அந்தக் கைதான் கம்ப்ரஸர். இதற்கு ஒரு வரம்பு வைக்கிறோம். குரல் அந்த வரம்பை எவ்வளவு மீறுகிறதோ, அதில் ஒரு பங்கை மாத்திரம் வெளியே விடச் சொல்கிறோம். நாலுக்கு ஒன்று என்று விகிதம் வைத்தால், வரம்பை 8 டெஸிபல் மீறிய குரல் 2 டெஸிபல் மீறியதாக அடங்கிவிடும். பிறகு மொத்தத்தையும் சற்று உயர்த்தினால் முணுமுணுப்பும் கேட்கும். கர்ஜனையும் காதைப் பிளக்காது.

இக்கருவியின் பழைய உருவங்கள் வேடிக்கையானவை. ஃபேர்சைல்ட் 670 என்ற அமெரிக்கக் கருவி ஒன்றினுள் 20 வால்வுகளும் 14 டிரான்ஸ்பார்மர்களும் இருந்தன. ஒருவர் தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். 1960-களில் ஜிம் லாரன்ஸ் என்பவர் அமைத்த எல்.ஏ.-2ஏ என்னும் கருவியில் ஒரு சிறு விளக்கும், ஒளிக்கு மசியும் ஒரு மின்தடையும் இருந்தன. குரல் ஓங்கினால் விளக்குப் பிரகாசிக்கும். அந்த ஒளியே குரலை அடக்கும். ஒளி மங்கிய பிறகும் அந்த மின்தடை மெல்லவே பழைய நிலைக்குத் திரும்புவதால், விடுவது மிருதுவாக நிகழும். இன்று ப்ளகின் கடைகளில் இவ்விரண்டு பெயர்களும் அடிக்கடி தென்படுவதன் காரணம் இதுதான். அக்கருவிகளின் நடத்தையைக் கணக்காக்கி விற்கிறார்கள்.

கம்ப்ரஸரில் எத்தனை விரைவில் அடக்க வேண்டும், எத்தனை மெதுவாக விடுவிக்க வேண்டும் என்று இரண்டு குமிழ்கள் உண்டு. இவற்றில்தான் சூட்சுமம் இருக்கிறது. மிருதங்கப் பதிவில் அடக்கும் வேகத்தை மிகக் கூட்டிவிட்டால், விரல் தோலில் விழும் அந்த முதல் தட்டு மழுங்கிப் போகும். மிருதங்கம் தலையணையாகிவிடும். விடுவிக்கும் வேகத்தை மிகக் கூட்டினாலோ, பாடகர் மூச்சு வாங்கும் ஓசையெல்லாம் பாட்டுக்குச் சமமாக எழும்பி, ஆஸ்துமா நோயாளியின் கச்சேரி போலத் தோன்றும்.

மூன்றாவது அறையில் அக்காளும் தங்கையுமாக இருவர் இருக்கிறார்கள். ஒருத்தி ரிவர்ப், மற்றொருத்தி டிலே. இருவரும் எதிரொலி வம்சம். ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. சுமார் 17 மீட்டர் தூரத்திலுள்ள சுவரில் மோதித் திரும்பும் குரல், பத்தில் ஒரு விநாடி கழித்து நம்மை வந்தடைகிறது. இப்படி ஒன்றிரண்டு எதிரொலிகள் தனித்தனியே கேட்டால் அது டிலே. ஆயிரமாயிரம் எதிரொலிகள் ஒன்றோடொன்று கலந்து, பிரித்தறிய முடியாத ஒரு கார்வையாக நின்றால் அது ரிவர்ப். கோயில் மண்டபத்தில் நாதஸ்வரம் ஓய்ந்த பிறகும் நிற்கிறதே, அந்த நாதம்.

இந்தக் கார்வையைச் செயற்கையாக உண்டாக்க மனிதர் பட்ட பாட்டுக்கு அளவில்லை. 1947-ல் சிக்காகோ நகரத்தில் பில் புட்னம் என்பவர், ஹார்மோனிகா வாசித்த ஒரு குழுவின் இசைத் தட்டுக்காக, கூடத்துக் குளியலறையையே எதிரொலி அறையாக்கிக்கொண்டார். குளியலறையில் பாடுவோர் அனைவரும் தம்மை வித்வான்களாக எண்ணிக்கொள்வதன் ரகசியத்தை அவர் நன்கு அறிந்திருந்தார் போலும்! 1957-ல் ஜெர்மானியர் ஈ.எம்.டி. 140 என்று ஒரு கருவி செய்தார்கள். சுமார் இரண்டு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள மெல்லிய எஃகுத் தகட்டைச் சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டு, அதைக் குரலால் அதிரச் செய்தார்கள். அதன் எடை சுமார் 270 கிலோ. 1962-ல் மான்பிரெட் ஷ்ரோடர் என்னும் விஞ்ஞானி, தகடும் வேண்டாம், அறையும் வேண்டாம், கணக்கினாலேயே கார்வையை உண்டாக்கலாம் என்று எழுதி வழிகாட்டினார்.

இதன் உச்சமாக ஒரு செய்தி. இஸ்தான்புல் நகரத்து ஹாகியா சோபியா, 537-ல் கிறிஸ்தவ தேவாலயமாகத் திறக்கப்பட்டது, பின்னர் மசூதியாயிற்று, 1935 முதல் பொருட்காட்சிசாலையாக இருந்தது. அங்கே பாட அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் உள்ளே சில பலூன்களை வெடிக்கச் செய்து, அந்த ஓசை தேய்ந்து மறைவதைப் பதிவு செய்துகொண்டு வந்தார்கள். அது தேய்ந்து மறையப் பத்து விநாடிக்கு மேல் பிடித்தது. அந்தப் பதிவைக் கொண்டு கட்டடத்தின் கார்வை முழுவதையும் கணினியில் மீட்டார்கள். காப்பெல்லா ரொமானா என்ற பாடற் குழுவினர் கடல் கடந்த ஓர் ஊரில் பாடிய பைசாந்தியப் பாடல்கள், ஹாகியா சோபியாவுக்குள் பாடியவை போல 2019-ல் வெளிவந்தன. 2020-ல் அக்கட்டடம் மறுபடியும் மசூதியாயிற்று. ஒரு பலூன் வெடிப்புக்குள் ஆயிரத்தைந்நூறு ஆண்டுக் கட்டடம் ஒன்று அடங்கிக் கிடந்தது என்பதை எண்ணுந்தோறும் வியப்பாயிருக்கிறது.

நாலாவது அறையை மெதுவாகத் திறக்க வேண்டும். இது சுருதியைத் திருத்தும் ப்ளகின். ஆண்டி ஹில்டெப்ராண்ட் என்பவர், பூமிக்குள் ஒலி அலைகளைச் செலுத்தி எண்ணெய் இருக்குமிடத்தைக் கணக்கிடும் துறையில் வெகு காலம் உழைத்தவர். அதே விதமான கணக்கைக் குரலின் சுருதியை அறியப் பயன்படுத்தி, 1997-ல் ஆட்டோ-டியூன் என்னும் ப்ளகினை வெளியிட்டார். குரல் ஸ்வரத்தை விட்டுச் சற்று விலகினால் அது பிடித்து ஸ்வரத்தில் உட்கார்த்திவிடும். எவ்வளவு வேகமாக உட்கார்த்த வேண்டும் என்று ஒரு குமிழ் உண்டு. 1998-ல் ஷெர் என்னும் அமெரிக்கப் பாடகியின் 'பிலீவ்' பாட்டில் அந்தக் குமிழை எல்லைவரை திருகினார்கள். குரல் படிக்கட்டில் குதிப்பது போல் ஸ்வரத்துக்கு ஸ்வரம் தாவிற்று. உலகம் அதை ரசித்தது. தயாரித்தவர்கள் முதலில் உண்மையை மறைத்து வேறு கருவி ஒன்றின் பெயரைச் சொன்னார்கள் என்பது தனிக் கதை.

மேல்நாட்டுப் பாட்டில் அது ஓர் அலங்காரமாகலாம். நம் சங்கீதத்துக்கு அது நேர் விரோதம். தோடி ராகத்துக் காந்தாரம் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும் ஸ்வரமா? அசைந்துகொண்டே இருப்பதுதான் அதன் உயிர். பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களை மட்டும் அறிந்த ஒரு கணக்கு அந்த அசைவைப் பார்த்தால், 'பாவம், இவருக்குச் சுருதி நிற்கவில்லை' என்று முடிவு கட்டி, கமகத்தை எல்லாம் இஸ்திரி போட்டுத் தேய்த்துவிடும். ப்ளகின் செய்தது பிழையென்று சொல்வதற்கில்லை. அதற்குக் கற்பித்தது அவ்வளவே.

ஐந்தாவது அறை இரைச்சலை அகற்றும் ப்ளகின். பாட்டுத் தொடங்குமுன் உள்ள இரண்டு விநாடி வெற்றிடத்தை அதற்குக் காட்டி, 'இதுதான் இரைச்சல், பார்த்துக்கொள்' என்று சொல்ல வேண்டும். பிறகு பாட்டு முழுவதிலும் அந்த ஓசையைத் தேடிக் கழிக்கும். அளவோடு கழித்தால் நலம். அளவு மீறினால் குரலின் சதையையும் சேர்த்துச் சீவிவிடும். நீருக்கடியில் தகர டப்பாவைத் தட்டுவது போன்ற ஒரு விசித்திர ஓசை எஞ்சும்.

ஐந்து அறைகளும் ஆயின. இவற்றை அறியாமல் கையாள்வதால் என்ன வந்துவிடப் போகிறது, பிள்ளை விளையாட்டுத்தானே என்று சிலர் கேட்கலாம். அதற்கு விடையாக நாம் கண்ட ஒன்றைச் சொல்கிறோம். நம்மிடம் பதினோராம் வகுப்பில் படித்த மாணவன் ஒருவன், கோடை விடுமுறையில் எண்பது கடந்த தன் பாட்டியைப் பாடச் சொல்லிப் பதிவு செய்தான். தாலாட்டும், நலங்குப் பாட்டும், கும்மியுமாக ஒன்பது பாட்டுக்கள். அந்த அம்மையார் தம் தாயிடம் வாய்மொழியாகக் கேட்டுக் கற்றவை. பிள்ளை மிகுந்த அன்போடு பதினோரு ப்ளகின்களைச் சேர்த்து மெருகேற்றி, பாட்டியின் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டான். பாட்டி புன்னகையோடு கேட்டுவிட்டு, "நன்றாயிருக்கிறதடா, ராஜா. யார் பாடுகிறாள் இது?" என்று கேட்டாராம்.

பள்ளிக்கூடம் திறந்ததும் பையன் வாடிய முகத்தோடு நம்மிடம் வந்தான். "ஸார், எது கெடுத்தது என்று தெரியவில்லை" என்றான். ஒரு நல்ல காலம், இத்தகைய மென்பொருள்களில் ப்ளகின்கள் மூலப் பதிவைத் தொடுவதில்லை. மேலே போர்த்திய துணி போலத்தான். பதினொன்றையும் அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாக ஏற்றி, "இதை எதற்காகப் போட்டாய்?" என்று கேட்டோம். ஆறு ப்ளகின்களுக்கு அவனிடம் விடை இல்லை; அவற்றை எடுத்துவிட்டோம். சுருதி திருத்தும் ப்ளகின், தாலாட்டில் பாட்டி ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் இடங்களையெல்லாம் நேராக்கியிருந்தது. அதுவும் போயிற்று. இரைச்சல் அகற்றுவதை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தோம். கடைசியில் பெரிய மண்டபத்தின் ரிவர்ப் ஒன்று இருந்தது. "தாலாட்டு எங்கே பாடுவது?" என்று கேட்டோம். பையன் சற்று யோசித்து, "தூளிக்குப் பக்கத்தில், ஸார்" என்றான். அவனே அதை அணைத்தான். ஓர் ஈக்வலைஸரும், ஒரு மெல்லிய கம்ப்ரஸரும், குறைத்து வைத்த இரைச்சல் நீக்கியும் மிஞ்சின. மறுநாள் பாட்டியின் தீர்ப்போடு வந்தான். "இது என் குரல்தான். ஆனால் நான் இவ்வளவு கிழவியா?" என்றாராம் அம்மையார்.

நேயர்களே, இதில் ஒரு முக்கியமான விஷயம் அடங்கியிருக்கிறது. இன்று வீட்டுக்கு வீடு கைபேசி இருப்பதால், பெரியோர்களின் குரலைப் பதிந்து வைப்பது சுலபமாயிற்று. நாளை அவர்கள் இல்லாத வீட்டில் அந்தப் பதிவு ஒன்றே எஞ்சும். மூலப் பிரதியை ஒரு குமிழும் தொடாமல், இரண்டு இடங்களில் பத்திரப்படுத்த வேண்டும். அழகு படுத்துவதெல்லாம் நகல் பிரதியில்தான்.

இனி, கற்கும் முறையைப் பற்றிச் சில வார்த்தை. நம் செவிக்கு ஒரு பலவீனம் உண்டு. உரக்க ஒலிப்பதே உயர்ந்தது என்று அது ஏமாந்துவிடும். இதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. ஃபிளெட்சர், மன்ஸன் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1933-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஓசை மெலிந்திருக்கும்போது கீழ் ஸ்தாயி ஒலிகள் காதுக்கு மிகவும் குறைந்தே எட்டுகின்றன என்று காட்டினார்கள். ஓசையைக் கூட்டினால் கீழ் ஸ்தாயி நிரம்பி, பாட்டுக்குப் புஷ்டி வந்தது போல் தோன்றுகிறது. பல ப்ளகின்கள் போட்டவுடனேயே ஓசையைச் சிறிது கூட்டிவிடுகின்றன. பிள்ளை 'ஆகா' என்கிறான். ஆகவே ப்ளகின் போட்ட பிறகும் போடாததற்கு முன்பும் ஓசை அளவு ஒன்றாயிருக்கும்படி முதலில் சரிசெய்ய வேண்டும். அதன் பிறகு தங்கையை அழைத்துப் பக்கத்தில் உட்கார்த்தி, ப்ளகினை ஏற்றியும் அணைத்தும் மாற்றச் சொல்லி, தான் கண்களை மூடிக்கொண்டு எது எப்பொழுது என்று சொல்ல வேண்டும். பத்துக்குப் பத்தும் சொன்னால் அந்த ப்ளகின் அவனுக்குத் தெரியும். ஐந்து மாத்திரம் சரியானால் அது குருட்டாம்போக்கு. குடும்பத்தோடு விளையாட இதைவிட நல்ல ஆட்டம் நமக்குத் தெரியவில்லை.

வரிசையும் கவனிக்கத் தக்கது. கம்ப்ரஸருக்கு முன்னே ஈக்வலைஸரை வைத்துக் கீழ்ப்பகுதி உறுமலை நீக்காவிட்டால், கம்ப்ரஸர் அந்த உறுமலைக் கண்டு மிரண்டு, குற்றமற்ற குரலைப் போட்டு அமுக்கும். புளியைக் கரைத்து ஊற்றிய பிறகு பருப்பைப் போட்டால் பருப்பு வேகாது என்பதை அறிந்த நம் தாய்மார்களுக்கு, இதை விளக்க வேண்டியதில்லை.

செலவைப் பற்றியும் பெற்றோர் கேட்பார்கள். தொடக்கத்தில் காலணாவும் வேண்டாம். 2000-ஆம் ஆண்டு வெளிவந்த ஆடாசிட்டி மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஆப்பிள் கணினி உள்ளவர்க்கு கராஜ்பாண்ட் உண்டு. ரீப்பர் என்னும் மென்பொருள் குறைந்த விலையில் கிடைப்பதோடு, மேலே சொன்ன கருவிகளைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. விளம்பரங்களில் பழைய வால்வுக் கருவிகளின் படத்தைப் போட்டு, மரச்சட்டமும் பித்தளைக் குமிழும் வரைந்து, 'இது இன்றேல் இசை இல்லை' என்பது போல எழுதுகிறார்கள். ஐந்து அறைகளுக்கும் தன் காதினால் விடை சொல்லத் தெரிந்த பிறகு, தேவையானதை வாங்கிக்கொள்ளட்டும். திருட்டுப் பிரதிகளை மாத்திரம் வீட்டுக்குள் விட வேண்டாம். அது குற்றம் என்பதோடு, கணினிக்கு நோயும் கொண்டுவரும்.

முடிவாக, ப்ளகினுக்கு முன்னே செய்ய வேண்டிய சில காரியங்கள். பாடும் வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால், நேராக வரும் குரல் சுமார் 6 டெஸிபல் உயரும். அறையின் எதிரொலி அப்படியே இருக்கும். எந்த ப்ளகினாலும் இதை இவ்வளவு சுத்தமாகச் செய்ய இயலாது. வெறும் சுவரை நோக்கிப் பாடாமல், துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, அதற்கு எதிரே பாடலாம். ஜன்னலைச் சாத்தலாம். மின்விசிறியை நிறுத்தலாம். பிள்ளைகள் இந்தக் கடைசி யோசனைக்கு மாத்திரம் முகம் சுளிப்பார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆயினும் ஒரு தாலாட்டு மூன்று நிமிஷந்தான். அதுவரை வியர்வையைப் பொறுத்துக்கொண்டால், இரைச்சல் நீக்கும் ப்ளகினுக்கு அன்றைக்கு விடுமுறை கொடுத்துவிடலாம்.